நாலே முக்கால் அடி வீடு

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் போகக் கூடாது. எங்கள் பக்கத்தில் அதற்கு எழுதாத சட்டம் உண்டு. பெண் வீட்டிலிருந்து பெரியவர்கள் ஒற்றைப்படையில் கிளம்பிப் போவார்கள். வீட்டையும் வாசலையும் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் அங்கேயே சாப்பிடுவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், "சொல்லியனுப்பறோமுங்க" என்று மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வேனில் ஏறிவிடுவார்கள். பெண்ணானவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வேன் எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்பதை வைத்துத் தன் தலையெழுத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டால் சாப்பிடவில்லை.

நான் போனேன். அதற்குக் காரணம் என் துணிச்சல் அல்ல, சித்தப்பாவின் வயிறு. ஒன்பது பேர் போவதென்று முடிவாகி, ஆனைமலையில் எங்கள் வீட்டு வாசலில் வேனும் வந்து நின்றுவிட்டது. சித்தப்பா மட்டும் கக்கூஸை விட்டு வெளியே வரவில்லை. முந்தின நாள் எங்கோ கெடா விருந்து. ஒன்பது எட்டாகிவிட்டது. எட்டு இரட்டைப்படை. ஏழாகக் குறைக்கலாமென்றால் பட்டுச்சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, ஜன்னலோர சீட்டும் பிடித்துவிட்ட யாரும் இறங்கத் தயாராக இல்லை. அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அத்தைதான் முடித்து வைத்தார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டின் உச்ச நீதிமன்றம்.

"இவளையே ஏத்துங்க. வாழப்போறவ பாக்காம பின்ன ஆரு பாக்கறது?"

நான் மூன்றே நிமிடத்தில் சேலை கட்டிக்கொண்டு வந்தேன். சேலைக்கு முந்தின நாளே இஸ்திரி போட்டு வைத்திருந்தது எப்படி என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க அடுத்தவர் பேச்சு காதில் விழும். விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு அந்த ஒரு வாரம் ரொம்பவும் கைகொடுத்தது. ஏனென்றால் என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது.

மாப்பிள்ளை, கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். பம்பின் படம் வரைகிற வேலை. தரகர் எங்கள் வீட்டில் வந்து சொன்னது இது: "டவுனுக்கு நட்டநடுவுல, மணிக்கூண்டுல இருந்து கூப்பிடு தூரமுங்க. மூணடுக்கு மாடி ஊடு. எழுபது அடி நீளம். பர்மாத் தேக்கு உத்தரம். நூறு வருசத்து ஊடுங்க, காலேஜுப் பசங்க வந்து படம் புடிச்சுட்டுப் போறாங்க." அப்பா அதைக் கேட்டு மனதுக்குள் ஒரு அரண்மனையைக் கட்டி, அதற்கு வெள்ளையும் அடித்துவிட்டார். தரகர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அகலத்தை மட்டும் அவர் சொல்லவில்லை.

அதைச் சொன்னது மாப்பிள்ளையே. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மூன்றாம் நாள் பூத்துக்கு ஒரு போன் வந்தது.

"நானுங்க, போன ஞாயித்துக்கிழமை உங்க ஊட்டுக்கு வந்தவனுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். எங்க ஊடு மூணடுக்குங்கறது நெசந்தானுங்க. ஆனா அகலம் நாலே முக்கால் அடி."

"எந்த ரூமுங்க?" என்று கேட்டேன்.

"ரூமில்லீங்க. ஊடே அவ்வளவுதான். பாத்துட்டு வேண்டாம்னு தோணுச்சுன்னா சொல்லிப்போடுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன். பாக்காம வந்து ஏமாந்துரக் கூடாதல்லோ?"

எதிர்முனையில் பஸ் ஹார்ன் கேட்டது. ரோட்டோரத்தில் ஏதோ பூத்தில் நின்று, வியர்த்து வழிந்து பேசிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பெண் பார்க்க வந்தபோது அவர் முகத்தை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. பஜ்ஜித் தட்டைத்தான் பார்த்தேன். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. எத்தனையோ மாப்பிள்ளைகள் என் பூத்திலிருந்து பெண் வீட்டுக்குப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் இருப்பதை இரண்டாக்கித்தான் சொல்வார்கள். இருப்பதை அங்குல சுத்தமாகச் சொன்ன ஒரே ஆள் இவர்தான்.

"சமையக்கட்டு எத்தனாவது மாடிங்க?" என்று கேட்டேன்.

"மேல் மாடிங்க." எதிர்முனையில் இன்னொரு ஹார்ன். "தண்ணிக் கொழாய் கீழ."

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வேனே கிளம்பாது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு இடம் என்றால் அப்படி ஒரு வெறி. அவர் ஆழியாற்றுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புச் சாளையில் பிறந்தவர். சாளை என்றால் தோப்பு வேலைக்காரர்கள் தங்குகிற ஓலைக் குடிசை. அதில் ஏழு பேர் ஒருவர் கால் மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்கினார்களாம். பிறகு பத்தாவது முடித்து, கண்டக்டர் வேலைக்குப் போய், இருபத்தைந்து வருஷமாக வால்பாறை மலைப் பாதையில் பஸ்ஸில் தொங்கி, ஆனைமலையில் ஒரு வீடு கட்டினார். அதில் ஹால் மட்டும் இருபத்திரண்டு அடி. அந்த ஹாலில் அவர் எந்தச் சாமானும் போட விடமாட்டார். சோபாகூடக் கிடையாது. வெறும் தரையைப் பார்த்தபடி சுவரோரம் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் புத்தியால் எந்த இடத்தைப் பார்த்தாலும் அதில் எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை பேர் நிற்கலாம் என்று சொல்லிவிடுவார். கல்யாண மண்டபம், கோயில் பிராகாரம், எதுவும் தப்பாது. "என்ற புள்ள போற ஊட்டுல கையைக் காலை நீட்டிப் படுக்கோணும்" என்பதுதான் அவர் தரகர்களுக்குப் போட்ட ஒரே நிபந்தனை.

ஆக, வேனில் ஒன்பது பேர் போனோம். அதில் ஒருத்திக்கு மட்டும்தான் அகலம் தெரியும். கிணத்துக்கடவில் எல்லோரும் இளநீர் குடித்தார்கள். எனக்கு இறங்கவில்லை. அத்தை என் முகத்தைப் பார்த்து, "கல்யாணக் களை" என்றார்.

உக்கடம் தாண்டி, பெரிய கடைவீதிக்குள் நுழைந்து, வேன் ஓரிடத்தில் அதற்கு மேல் போகாது என்று நின்றது. இறங்கி நடந்தோம். பாத்திரக் கடை, அத்தர் விற்கிற பாய் கடை, பிளாஸ்டிக் குடங்கள் மலையாகக் குவித்த கடை. தரகர் முன்னால் போய் ஓரிடத்தில் நின்று, "இதுதானுங்க" என்று கையைக் காட்டினார். அப்பா அவர் காட்டிய இடத்தை விட்டு வலப்பக்கம் இருந்த பெரிய மாடி வீட்டைப் பார்த்தார்.

"அது பக்கத்து ஊடுங்க."

அப்பா இடப்பக்கம் இருந்த இன்னொரு பெரிய வீட்டைப் பார்த்தார்.

"அதும் பக்கத்து ஊடுதானுங்க."

அப்புறம்தான் அப்பா நடுவில் பார்த்தார். இரண்டு பெரிய வீடுகளுக்கு இடையில் ஒரு பச்சைக் கதவு. கதவுக்கு மேலே ஒரு ஜன்னல், அதற்கு மேலே இன்னொரு ஜன்னல், உச்சியில் செங்கல்லில் செய்த இரண்டு மயில்கள். இரண்டையும் வைக்க இடம் போதாமல் ஒன்றின் வால் இன்னொன்றின் வால்மேல் கிடந்தது. மற்றபடி அழகான வீடுதான். அகலம் மட்டும் இல்லை. வாசலில் நின்று இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு கை ஒரு பக்கத்து வீட்டுச் சுவரிலும் மறு கை அடுத்த வீட்டுச் சுவரிலும் படும்.

மாப்பிள்ளையின் அப்பா, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சலவைச் சட்டையோடு வெளியே வந்து எல்லோரையும் கும்பிட்டார். வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கு ஒரு பேச்சு மனப்பாடமாகியிருந்தது. சம்பந்தம் பேச வந்தவர்களிடமும் அதை விடவில்லை.

"ரெண்டு பக்கமும் இருந்தது அண்ணன் தம்பிங்க. பருத்தி யாவாரம். நடுவுல இருந்தது ஒத்தை மாட்டு வண்டி போற சந்துங்க. பாகம் பிரிக்கறப்ப சந்து ஆருக்குன்னு சண்டை. அண்ணனுக்குப் போறது தம்பிக்குப் பொறுக்கல, தம்பிக்குப் போறது அண்ணனுக்குப் பொறுக்கல. கடைசியில, ரெண்டு பேருக்கும் வேண்டாம், அந்தச் சந்துல தெனமும் வண்டி ஓட்டறவனுக்கே குடுத்துரலாம்னு எங்க பாட்டனுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. காட்டு வேலையை உட்டுட்டு வந்து வண்டி ஓட்டுனவருங்க அவரு. எந்தக் காலத்துலயும் அண்ணன் வகையறாவுக்கும் தம்பி வகையறாவுக்கும் விக்கக் கூடாதுன்னு பத்திரத்துலயே இருக்குது. இன்னொரு விசேசம், பக்கத்துச் செவுரு ரெண்டும் அவிங்களோடதுங்க. எங்களுக்குன்னு பக்கச் செவுரே கெடையாது. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, மேல கூரை."

அத்தைக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "அட, சண்டைக்காரங்களை வெச்சே ஊடு கட்டிப்போட்டாரே உங்க பாட்டன்!" என்று சிரித்தபடி முதல் ஆளாக உள்ளே நுழைந்தார். அவர் பின்னால் அம்மா, அம்மா பின்னால் மற்றவர்கள். வரிசையாகத்தான் போக முடியும். பச்சைக் கதவு ஒவ்வொருவராக விழுங்கியது. வெளியே அப்பாவும் நானும் தரகரும் நின்றோம்.

அப்பா என்னைப் பார்க்காமலே கேட்டார். "என்ற பஸ்ஸே எட்டடி அகலம். உனக்கு முன்னாடியே தெரியுமா அம்மணி?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலே முக்கால் என்று கால் அடியைக்கூட மறைக்காத ஒருவரைக் கட்டிக்கொள்ள வந்துவிட்டு, அவர் வாசலிலேயே நின்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியும்பா. அவுரு போன் பண்ணிச் சொன்னாரு."

"என்றகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வந்திருக்க மாட்டீங்க."

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. அவர் என்னை அடித்ததில்லை, திட்டியதும் குறைவு. கோபம் வந்தால் டிக்கெட் கிழிக்கிற மாதிரி விரல்கள் மட்டும் அசையும். அப்போது அசைந்தன. எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, என்மேல் வெறுப்பாகவும் இருந்தது. ஆனாலும் இந்த வீட்டுக்கு மருமகளாக வரவேண்டும் என்கிற ஆசையில் ஒரு இம்மியும் குறையவில்லை. அதுதான் பெரிய வெட்கம்.

அப்பா தரகரிடம் சொன்னார். "எங்காளுங்களை வெளிய வரச் சொல்லுங்க. கை நனைக்க வேண்டாம். போலாம்."

தரகர் கதவுக்குள் தலையை நீட்டி, உள்ளே கடைசியாக நின்றவரிடம் மெதுவாகச் சொன்னார். அவர் தனக்கு முன்னால் நின்றவரிடம் சொன்னார். பெரிய வீடாக இருந்தால் ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லலாம். இந்த வீட்டில் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு காது இல்லாத இடமே கிடையாது. செய்தி ஆள் மாற்றி ஆள் போனது, படியேறிப் போனது. நடுப் படியில் நின்றிருந்த மாப்பிள்ளையின் அம்மா கைக்கும் அது வந்து சேர்ந்தது. அந்த அம்மா, "ஏனுங்க, கை நனைக்க வேண்டாமாம், வெளிய வரச் சொல்றாங்களாம்" என்று கொஞ்சமும் மாற்றாமல் மேலே அனுப்பிவைத்தார். அவர் குரல் தெருவரைக்கும் கேட்டது. தரகர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

சற்று நேரத்தில் பதில் அதே வழியில் இறங்கி வந்தது. கடைசி ஆள் கதவில் தலையை நீட்டிச் சொன்னார். "உங்கக்கா, நாப்பத்தஞ்சு படி ஏறி மொட்டை மாடிக்கு வந்துட்டாங்களாம். முட்டி வலியாம். உக்காந்து எந்திரிக்காம எறங்க மாட்டேங்கறாங்க. கொண்டுபோறதுன்னா நீயே வந்து தூக்கிட்டுப் போன்னு சொல்லச் சொன்னாங்க."

வேறு வழியில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். நான் பின்னால் போனேன்.

உள்ளே ஆச்சரியமாகக் குளுகுளுவென்று இருந்தது. சுவரோரம் ஒரு நீளப் பலகை, அதில் உட்காருகிறவரின் முழங்காலுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகலாம். கட்டிலை நீளவாக்கில் போட்டிருந்தார்கள். பீரோ, அலமாரி எல்லாமே சுவரோடு ஒட்டிய ஒல்லி வகை, மாப்பிள்ளையே படம் வரைந்து ஆசாரியிடம் செய்தது. தண்ணீர்க் குழாயைத் தாண்டியதும் படிக்கட்டு. அங்கேதான் சிக்கல். செய்தியைக் கேட்டுப் பாதிப் பேர் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். பதிலைக் கேட்டு மீதிப் பேர் ஏறத் தொடங்கியிருந்தார்கள். இரண்டே கால் அடிப் படிக்கட்டில் இரண்டு கூட்டமும் முகத்தோடு முகம் முட்டி நின்றது. யாருக்கும் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. அம்மாவின் முந்தானை யார் காலுக்கடியிலோ மாட்டிக்கொண்டது. நடுவில் ஒரு காலிக் குடம் எல்லோர் தலைக்கு மேலும் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா ஒரு நிமிடம் பார்த்தார். கோபத்தில் இருக்கிற மனிதர்தான். ஆனால் இருபத்தைந்து வருஷப் பழக்கம் கோபத்தையும் மிஞ்சிவிட்டது. நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தார். படிக்கட்டு முழுக்க அமைதி.

"ஆரும் அசையாதீங்க. பச்சைச் சேலை அம்மா, ரெண்டு படி மேல போங்க. கொடத்தை இப்படிக் குடுங்க. ஆ, இன்னொரு படி. நீலச் சேலை, நீ அப்படியே சாஞ்சு நில்லு. இப்ப மேல இருக்கறவங்க ஒவ்வொருத்தரா மாடி ரூமுக்குள்ள போங்க. உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்குதல்லோ!"

அரை நிமிடத்தில் படி காலியாகிவிட்டது. நீலச் சேலை என் அம்மா. பச்சைச் சேலை யாரென்று அப்பாவுக்கு இருட்டில் தெரியவில்லை. குடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரிந்தது, அது மாப்பிள்ளையின் அம்மா. அவர் வீட்டிலேயே அவரை இரண்டு படி தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார். அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அம்மாவோ சிரிப்பை அடக்க முடியாமல் குடத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கினார். "முப்பது வருசமா இந்தப் படியில குடித்தனம் பண்றேனுங்க. ஒரு விசிலுக்கு இவ்வளவு சீக்கிரம் காலியானதைப் பாத்ததில்ல."

அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்கக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான் கவனித்துவிட்டேன்.

இப்போது அந்த அம்மா தண்ணீர் எடுக்கக் கீழே இறங்க வேண்டும். நாங்கள் இருவரும் ஏற வேண்டும். அப்பா கீழ்ப்படிக்கு இறங்கி வழிவிட்டார். "அம்மணி, நீயும் எறங்கி நில்லு. அவங்க பெரியவங்க, போகட்டும்" என்றார் என்னிடம். முறையான பேச்சுதான். மாமியாராக வரப்போகிறவருக்கு மருமகள் வழிவிடாமல் வேறு யார் விடுவது?

ஆனால் அந்த அம்மா இறங்கவில்லை. அங்கே ஒவ்வொரு படிக்கட்டின் நடுவிலும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு உள்பக்கத் தடுப்புச் சுவர் உள்ளடங்கி ஒரு இடம் இருந்தது. அதற்குள் குடத்தோடு ஒட்டி நின்றுகொண்டு, "ஏறு கண்ணு" என்றார்.

"நீங்க எறங்குங்க. அவ நிப்பா" என்றார் அப்பா.

"அதெப்படிங்க? இந்த ஊட்டுல ஏறறவங்களுக்குத்தான் வழி. தண்ணி கீழ இருக்குது, அடுப்பு மேல இருக்குது. ஏறறவங்க கையில எப்பவும் சொமை இருக்கும். எறங்கறவங்க ஆரா இருந்தாலும் ஒதுங்கோணும். பாட்டன் காலத்துச் சட்டமுங்க."

"ஆரா இருந்தாலுமா?"

"ஆரா இருந்தாலும். நான் வந்த புதுசுல கொடத்தோட ஏறுனா எங்க மாமியா ஒதுங்குவாங்க. மாமனாரும் ஒதுங்குவாரு. எனக்குக் கூச்சமா இருக்கும். ரெண்டு பக்கத்துப் பருத்தி யாவாரிங்க வந்தப்பக்கூட அந்தப் பொந்துல ஒதுங்கித்தான் நின்னாங்களாம்." அவர் என்னைப் பார்த்தார். "ஏறு கண்ணு, கையில சொமை இல்லாட்டியும் பழகிக்கோணும்."

மலைப் பாதையிலும் இதே சட்டம்தான். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும். அதை அப்பா சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. நான் ஏறிப் போவதையும், அந்த அம்மா சுவரோடு ஒட்டி நிற்பதையும் கீழிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பின்னால் ஏறி வந்தார்.

மொட்டை மாடியில் ஒரே வரிசையில் ஒன்பது இலை போட்டிருந்தது. இந்த வீட்டில் எதிர்ப்பந்தி கிடையாது. எல்லோரும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். அத்தை முதல் இலையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தார்கள். இலைகள் காற்றில் படபடத்தன. மேற்கே வெள்ளியங்கிரிப் பக்கம் மேகம் தெரிந்தது.

அப்பா இலைகளைத் தாண்டி அத்தையிடம் வந்து குனிந்தார்.

"அக்கா, நம்ம அய்யன் வாய்க்கால்ல எறங்கி நிக்கறது ஞாபகம் இருக்குதா?"

முட்டியைத் தடவிய அத்தையின் கை நின்றது. "ஏன் இல்லாம? தேங்கா மூட்டையோட."

அய்யன் என்றால் என் தாத்தா. அந்தக் கதை அன்றுவரை எனக்குத் தெரியாது. தோப்பிலிருந்து மேட்டுக் களத்துக்குப் போக ஒற்றையடி வரப்பு ஒன்றுதான் வழியாம். தாத்தா தலையில் தேங்காய் மூட்டையோடு ஏறி வருவார். எதிரே தோப்புக்கார வீட்டு ஆள் யாராவது, சின்னப் பையனாக இருந்தாலும், கையை வீசிக்கொண்டு இறங்கி வந்தால் தாத்தாதான் வாய்க்காலுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில், மூட்டையோடு நிற்க வேண்டும். அவர்கள் போன பிறகு ஏற வேண்டும். கால் வழுக்கி மூட்டையோடு விழுந்ததும் உண்டாம். அப்பா அதைச் சின்ன வயதில் பின்னாலிருந்து பார்த்தபடி நடந்திருக்கிறார். எங்கள் ஹால் ஏன் இருபத்திரண்டு அடி என்று அந்த மொட்டை மாடியில்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் அதைப் பெருமை என்று நினைத்துக் கேலி செய்திருக்கிறேன்.

அப்பா நிமிர்ந்தார். "நான் கீழ போறேன்" என்றார்.

எங்கள் ஊரில் யாரும் போறேன் என்று சொல்ல மாட்டார்கள். பால்காரர்கூட வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். அப்பா போறேன் என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்குள் இறங்கிவிட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஓடிப்போய் மேல்படியில் நின்று கீழே எட்டிப் பார்த்தேன்.

மாப்பிள்ளை மேல் மாடிச் சமையலறையிலிருந்து சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார். ஒன்பது பேருக்கான சோறு, போசியின் ஆவி முகத்தில் அடிக்க, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்பா இறங்குவதைப் பார்த்ததும் அவர் திகைத்துவிட்டார். வீட்டுச் சட்டம் ஒரு பக்கம், வந்திருக்கிற பெரியவர் ஒரு பக்கம். ஒரு நொடி யோசித்துவிட்டு, போசியோடு காலைப் பின்னால் வைத்து இறங்கப் பார்த்தார்.

அப்பா அதற்குள் அந்தப் பொந்துக்குள் ஒதுங்கிவிட்டார். முதுகைச் சுவரில் ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

"ஏறுங்க மாப்பிள்ளை" என்றார். "சொமையோட இருக்கறவங்க எறங்கக் கூடாது. நான் டிரைவரைச் சாப்பிடக் கூட்டியாறேன்."

அந்த வீட்டில் எதுவும் ரகசியமில்லை. அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஒன்பது இலைக்கும் கேட்டது. பின்னால் அத்தை தன் இலையில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா மூக்கை உறிஞ்சினார். மாப்பிள்ளை ஒரு படி, இன்னொரு படி என்று அப்பாவைக் கடந்து ஏறி என் முன்னால் வந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை, மூச்சு வாங்கியது. என்னவோ சொல்ல வருகிறார், வார்த்தை வரவில்லை என்று நினைத்துக்கொண்டு நானும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வழி உடுங்க" என்றார் அவர்.

நான் ஒதுங்கினேன்.